எத்தனை மணிக்குப் பிடித்தார்கள்?

ஒரு வியாழக்கிழமை இரவு ஒன்பதே கால் மணியளவில் என் தங்கை கைப்பேசியில் அழைத்தாள். நலம் விசாரிப்பு ஏதுமின்றி, "அண்ணே, போலீஸ்ல பெரிய ஆளா யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?" என்றுதான் தொடங்கினாள். படிவம் நான்கில் படிக்கும் அவளுடைய மூத்த மகனையும் அவனுடைய கூட்டாளிகள் இருவரையும் வேறொரு பட்டணத்தில் சாலைத் தடுப்பில் நிறுத்தி, அவன் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளின் அடிச்சட்ட எண் பதிவோடு ஒத்துவரவில்லை என்று சொல்லி, நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது அழுகைக்கு நடுவே துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. மலேசியாவின் ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 23 ஆண்டுகள் எழுத்தராக இருந்த பழக்கத்தில் நான் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை மணிக்குப் பிடிச்சாங்க?" அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. பிள்ளை லோக்காப்பில் இருக்கும்போது மணி பார்க்கிற மனிதனும் உண்டா என்று கேட்டாள்.

மணியைக் கடைசியில் வாட்ஸ்அப்தான் சொன்னது. நான்காவதாக வந்த பையன் வேறு வண்டியில் பின்னால் வந்ததால் தப்பித்து, "அக்கா, தம்பியப் புடிச்சுட்டாங்க" என்று அனுப்பியிருந்த குரல் பதிவின் கீழே 6.42 என்று இருந்தது. அங்கிருந்து ஒன்பதே கால் வரையிலான இரண்டரை மணி நேரத்தில் என் தங்கையும் மச்சானும் கோயில் கமிட்டித் தலைவர் வீட்டுக்கும், கட்சிக் கிளைத் தலைவர் வீட்டுக்கும், முன்பு தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக இருந்த ஒருவர் வீட்டுக்கும் அலைந்திருக்கிறார்கள். கிளைத் தலைவர் கைப்பேசியை எடுக்கவில்லை. கிராணி, காலையில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பையன் இருக்கும் நிலையத்துக்கு மட்டும் அதுவரை யாரும் போகவில்லை.

இதற்காக நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஊர் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16-ஆம் நாள் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; விசாரணை இல்லாமலே ஆளைப் பிடித்து வைக்கும் அதிகாரமும் அதனோடு வந்தது. பிறகு 1960-இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்து 2012 வரை நீடித்தது. பிடித்துக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள் என்று கேட்க வழியில்லாத காலத்தைப் பார்த்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். தோட்டத்து நிர்வாகியையும் 'துவான்' (மலாயில் 'ஐயா') என்றோம். காக்கிச் சட்டைக்காரரையும் 'துவான்' என்றோம். இருவரிடமும் நேரே போய்க் கேட்பது மரியாதையில்லை, நமக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும் என்பது தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் எழுதாத சட்டமாக இருந்தது. எழுதிய சட்டம் அதற்கு நேர்மாறாக, சிறுவன் பிடிபட்டால் முதலில் வந்து நிற்க வேண்டியவர் தாயோ தகப்பனோதான் என்கிறது என்பதை 23 ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சொந்தத் தங்கைக்குச் சொல்லாமல் விட்டது என் தவறு.

கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதியிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும். கைதானவருக்கு எதற்காகப் பிடித்தோம் என்பதைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும். தாம் தேர்ந்தெடுக்கும் வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும், அவருடைய உத்தரவு இல்லாமல் அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இதன்மேல் 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் வருகிறது. அதன் 84-ஆவது பிரிவு அதே 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறது; அது முடியாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம். 87-ஆவது பிரிவு, பிடித்த உடனேயே நன்னடத்தை அதிகாரிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. என் தங்கைக்கு நிலையத்திலிருந்து அழைப்பு வரவில்லை. பையனின் கைப்பேசி பறிமுதல் செய்யப்பட்டிருந்தது, அம்மாவின் எண் அவனுக்கு மனப்பாடமாகத் தெரியாது. இந்தக் காலத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? அப்பாவின் எண்ணையோ அம்மாவின் எண்ணையோ மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆயிரம் சட்டப் பிரிவுகளைவிட அந்தப் பத்து இலக்கம் உதவும்.

மணி ஏன் முக்கியம் என்றால், இந்த உரிமைகள் எல்லாவற்றுக்கும் காலக்கெடு அந்த மணியிலிருந்துதான் ஓடுகிறது. நிலையத்துக்குக் கொண்டுவந்த நேரம், பதிவேட்டில் எழுதிய நேரம், விசாரணை அதிகாரி வந்த நேரம் எல்லாம் வேறு வேறு. சட்டம் பார்ப்பது பிடித்த நேரத்தை. வெள்ளிக்கிழமை மாலை பிடித்தாலும், மறுநாள் பெருநாள் விடுமுறை என்றாலும் 24 மணி நேரம் நீளாது. விடுமுறையிலும் பணியில் ஒரு மாஜிஸ்திரேட் இருப்பார். குடும்பத்தார் அந்த நேரத்தைச் சாட்சியோடு சொல்ல முடிந்தால், மறுநாள் காலையில் வழக்கறிஞரின் கையில் ஒரு பிடி இருக்கும். நான் மச்சானிடம் அதை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். அவர் பழைய ரப்பர்ப் பால் எடைச் சீட்டொன்றின் பின்புறத்தில், பால்மரக் கணக்கு எழுதுகிற அதே சாய்ந்த எழுத்தில், '6.42, வியாழன், சாலைத் தடுப்பு' என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நாங்கள் நிலையத்தை அடைந்தபோது பதினொன்று ஆகப் போகிறது. முன்கூடத்து மேசைக்கு அப்பால் இருந்தவர் இளைஞர், கடுமையாகப் பேசவில்லை. விசாரணை அதிகாரி வெளியே போயிருக்கிறார், காலையில் வாருங்கள் என்று மலாயில் இரண்டு முறை சொன்னார். மச்சான் கைகளைக் கட்டிக்கொண்டு "பாய்க் துவான்" (சரிங்க ஐயா) என்று திரும்பவே தொடங்கிவிட்டார். அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, பையனின் அடையாள அட்டை நகலையும் பிறப்புப் பத்திரத்தையும் மேசையில் வைக்கச் சொன்னேன். மைகாட் எனப்படும் அந்த அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த தேதிதான். அதை விரலால் தொட்டுக் காட்டி, இவன் பதினாறு வயதுச் சிறுவன், நாங்கள் பெற்றோர், நாங்கள் வந்ததைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள், நன்னடத்தை அதிகாரிக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டோம். அந்த இளைஞர் அட்டையைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், பிறகு உள்ளே எழுந்து போனார். பையன் ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு, மீசையும் வந்துவிட்டது; அவனைப் பதினெட்டுக்கு மேல் என்று நினைத்து மற்றவர்களோடு ஒரே அறையில் வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இதில் சிறார் சட்டத்தின் 85-ஆவது பிரிவு ஐயத்துக்கு இடமில்லாமல் பேசுகிறது. நிலையத்தில் வைத்திருக்கும்போதும், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும்போதும், அங்கே காத்திருக்கும்போதும் குற்றம் சாட்டப்பட்ட பெரியவர்களோடு சிறுவன் சேராதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். பெண்பிள்ளையாக இருந்தால் ஒரு பெண்ணின் பொறுப்பில் இருக்க வேண்டும். படம் எடுக்க விடக்கூடாது. கூட வந்த கூட்டாளிகளில் ஒருவனுக்கு 19 வயது. ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள், சேர்ந்தே இருக்கட்டும் என்று என் தங்கைகூடச் சொன்னாள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவன் பெரியவன், இவன் சிறுவன். பெரியவனோடு கூட்டாகக் குற்றம் சாட்டப்பட்டால் வழக்கு சிறார் நீதிமன்றத்தில் அல்லாமல் வேறு நீதிமன்றத்தில் நடக்கும். அப்போதும் சிறுவனைப் பொறுத்தவரை சிறார் சட்டப்படிதான் நடக்க வேண்டும் என்றாலும், பொதுமக்களுக்குக் கதவு திறந்த கூடத்தில் நிற்பதும், பொதுமக்கள் வர முடியாத சிறார் நீதிமன்றத்தில் ஆலோசகர்கள் இருவர் உடனிருக்க மாஜிஸ்திரேட்டின் முன் நிற்பதும் ஒன்றல்ல.

வழக்கறிஞருக்குப் பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. தோட்டத்துப் பட்டணங்களில் இன்னும் பலருக்குத் தெரியாத ஒன்று, 2012-இலிருந்து செயல்பட்டுவரும் தேசிய சட்ட உதவி அறவாரியம். மலாய் எழுத்துச் சுருக்கத்தில் ஒய்.பி.ஜி.கே. என்றால் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் புரியும். கைது, தடுப்புக் காவல் (ரிமாண்ட்), பிணை ஆகிய கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு வழக்கறிஞரை அனுப்புகிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. குடிமக்கள் என்ற சொல்லை நான் எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது, ஏனென்றால் பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத பிள்ளைகள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். பிடிபடும் இரவில் அந்தக் குறை இரட்டிப்பாகி வந்து நிற்கும். பத்திரம் எடுக்கும் வேலையைப் பள்ளிச் சேர்க்கைக்காக மட்டும் செய்கிற வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு, கேள்வி கேட்கத் தொடங்கும் முன்பே, தான் இருக்கும் இடத்தை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கலாம், வழக்கறிஞரைத் தொடர்புகொள்ளலாம் என்பதைக் கைதானவரிடம் போலீஸ் சொல்ல வேண்டும் என்கிறது. வழக்கறிஞர் வருவதற்கு நியாயமான நேரம் கொடுத்து விசாரணையைத் தள்ளிவைக்க வேண்டும். அவர்கள் பேசுவதைப் போலீஸ் பார்க்கலாம், கேட்கக் கூடாது. விதிவிலக்கும் உண்டு. உடந்தையானவர் தப்பிவிடுவார், தடயம் அழிந்துவிடும் என்று நியாயமாகக் கருதினால் டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரி இதை நிறுத்திவைக்கலாம். 'இப்போது முடியாது' என்று சொல்லப்பட்டால், எந்த அதிகாரி, என்ன காரணம் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதில் தவறேதுமில்லை.

இப்போது நான் அதிகம் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன், அது வாக்குமூலம். அதே நடைமுறைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவின்படி எடுக்கப்படும் வாக்குமூலத்தில், தன்னைக் குற்றத்துக்கு உள்ளாக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். சொன்னதை எழுதி, அவன் எந்த மொழியில் சொன்னானோ அந்த மொழியில் படித்துக்காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்து, அதன் பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன எங்கள் பிள்ளைகளுக்கு மலாய் தெரியும், ஆனால் நினைப்பு தமிழில் ஓடும். வண்டி எப்படி உன்னிடம் வந்தது என்று கேட்டபோது என் மருமகன், "பட்டறையிலேர்ந்து எடுத்துட்டு வந்தேன்" என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, "சாயா அம்பில் மோட்டோ இத்து" (நான் அந்த மோட்டாரை எடுத்தேன்) என்று சொல்லியிருக்கிறான். நமக்கு வண்டியை எடுத்து வருவது என்றால் ஓட்டி வருவது. பட்டறையில் பழுது பார்க்கக் கொடுத்த கூட்டாளியின் வண்டியை அவன் சொன்னதால் போய் ஓட்டி வந்தான், அவ்வளவுதான். 'அம்பில்' என்று தாளில் ஏறினால் அது திருடி எடுத்ததாகிவிடும். மோட்டார் வண்டித் திருட்டுக்குத் தண்டனைச் சட்டத்தின் 379ஏ பிரிவில் ஓராண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை. ஒரு வினைச்சொல்லில் அத்தனை தொங்குகிறது. மறுநாள் காலை வழக்கறிஞர் அதைக் கேட்டுவிட்டு, அந்த வரியைத் தமிழ் தெரிந்த ஒருவரை வைத்துப் படித்துக்காட்டித் திருத்திய பிறகே கையெழுத்து என்று நின்றார்.

இங்கே ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். விசாரணையில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தைப் பொதுவாக அவனுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது என்று 113-ஆவது பிரிவு இருப்பதால், கையெழுத்துப் போட்டால் என்ன என்று சிலர் அலட்சியமாகப் பேசுவார்கள். அப்படியல்ல. அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வரும் வழக்குகளில் எச்சரிக்கைக்குப் பின் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகலாம். சொன்னதைத் தொடர்ந்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதியும் உள்ளே வரும்.

மறுநாள் காலை நீதிமன்றத்தில் நடந்ததை நீட்டி எழுத ஒன்றுமில்லை. விசாரணை அதிகாரி நான்கு நாள் தடுப்புக் காவல் கேட்டார். பதினான்கு ஆண்டுக்குக் குறைந்த சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு முதல் முறை நான்கு நாள், இரண்டாம் முறை மூன்று நாள், அதுதான் உச்சவரம்பு. அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஏழும் ஏழும். அறவாரியத்தின் வழக்கறிஞர் பையனின் வயதையும், பெற்றோர் இரவே நிலையத்துக்கு வந்ததையும், வண்டி பட்டறையில் இருந்ததற்கு ரசீது இருப்பதையும், மச்சானின் சீட்டிலிருந்த நேரத்தையும் எடுத்துச் சொன்னார். மாஜிஸ்திரேட் இரண்டு நாள் கொடுத்தார். தடுப்புக் காவல் என்பது கேட்டவுடன் கொடுக்கப்படுவதல்ல, ஏன் வேண்டும் என்று போலீஸ் காரணம் காட்ட வேண்டிய ஒன்று என்பதை என் தங்கை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள். அந்த இரண்டு நாளும் அவள் தூங்கவில்லை. 2009 ஜனவரியில் 22 வயது அ. குகன் போலீஸ் காவலில் இறந்ததை எந்தத் தமிழ்த் தாயும் மறக்கவில்லை. 2013-இல் உயர் நீதிமன்றம் அவர் குடும்பத்துக்கு 8 லட்சத்து 1,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கச் சொன்ன செய்தியால் அந்தப் பயம் குறையவும் இல்லை. அதனால் லோக்காப்பில் இருப்பவனுக்கு இரண்டு வேளைக் குளியல், போதிய உணவு, உடம்பு சரியில்லை என்றால் உடனே மருத்துவம் என்பவை சலுகையல்ல, விதி என்பதைச் சொல்லிச் சொல்லித்தான் அவளை ஆறுதல்படுத்தினேன். மகனுக்கு ஆஸ்துமா உண்டு. உறிஞ்சு மருந்தை நிலையத்தில் ஒப்படைத்து அதையும் பதிவு செய்ய வைத்தோம்.

இடையில் ஓர் அவலம். சாலைத் தடுப்பில் யாரோ எடுத்த படம், மூன்று பையன்களின் முகமும் தெரிய, வட்டாரத்து முகநூல் பக்கம் ஒன்றில் 'மோட்டார் திருடர்கள்' என்ற தலைப்போடு ஏறிவிட்டது. சிறார் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, வழக்குக்கு முன்பாயினும் பின்பாயினும், சிறுவனை அடையாளம் காட்டக்கூடிய பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்தப் பக்கத்தை நடத்தியவருக்கு அந்தப் பிரிவைப் படம் பிடித்து அனுப்பினேன், கால் மணி நேரத்தில் நீக்கிவிட்டார். ஆனால் அதற்குள் அதைப் பகிர்ந்தவர்களில் எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவினரும் இருந்தார்கள் என்பதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை.

சிலவற்றை விரைவாகக் கடந்துவிடுகிறேன். சாதாரண உடையில் வந்து பிடிப்பவரிடம் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லலாம்: நீலம் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும், மஞ்சள் அதற்குக் கீழ், வெள்ளை சேமப் படை, சிவப்பு என்றால் பணியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர், அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. 'விசாரணைக்கு உதவ வா' என்று மட்டும் சொன்னால், "ஆடாக்கா சாயா டிதாங்காப்?" (என்னைக் கைது செய்கிறீர்களா?) என்று அடக்கமாகக் கேட்கலாம்; இல்லை என்பது பதிலானால் அது கைதல்ல. 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்வது குற்றமே ஆகாது. சொஸ்மா எனப்படும், பாதுகாப்புக் குற்றங்களுக்கான 2012-ஆம் ஆண்டுச் சிறப்பு நடவடிக்கைச் சட்டத்தின்கீழ் பிடித்தால் கணக்கே வேறு: 28 நாள் வரை வைத்திருக்கலாம், வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். குண்டர் கும்பல் என்ற பெயரில் நம் இளைஞர்கள் அதில் சிக்கியிருப்பதால், எந்தச் சட்டத்தின்கீழ் என்பதை மணியோடு சேர்த்து இரண்டாவது கேள்வியாகக் கேட்டுவிட வேண்டும். வழக்கறிஞர் மன்றம் இவற்றையெல்லாம் சட்டைப் பைக்குள் அடங்கும் சிவப்புக் கையேடாகத் தமிழிலும் வெளியிட்டிருக்கிறது.

சனிக்கிழமை மாலை அவனைப் போலீஸ் பிணையில் விட்டார்கள். உடைமைகளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு செருப்பும் பெல்ட்டும் பதினோரு ரிங்கிட் முப்பது காசும் சரியாக இருந்தன. கைப்பேசி மட்டும் விசாரணைக்குத் தேவை என்று நிறுத்திவைக்கப்பட்டது; அதற்குக் கொடுத்த சீட்டை என் தங்கை மைலோ டின்னில், பிறப்புப் பத்திரங்களோடும் 6.42 எழுதிய எடைச் சீட்டோடும் வைத்திருக்கிறாள். அதன் பிறகு இரண்டு முறை அழைக்கப்பட்டபோதும் மச்சான் கூடவே போய், கைகளைக் கட்டிக்கொள்ளாமல் நின்று, பிணைத் தாளில் தேதி போட்டு வாங்கிவந்தார். வண்டியை விற்றவனைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். குற்றச்சாட்டு எதுவும் இதுவரை இல்லை, கோப்பு மூடப்பட்டதாகக் கடிதமும் இல்லை. பையன் படிவம் ஐந்துக்குப் போய்விட்டான். அம்மாவின் எண்ணைக் கேட்டால் இப்போது பார்க்காமல் சொல்கிறான்.